சிறகுக் கதவு

கதவொன்றைத் திறந்து மூட எத்தனை வயதிற் கற்றுக்கொண்டீர் என்று யாராவது என்னைக் கேட்பாராயின், நாற்பத்திரண்டாவது வயதில் என்றே நான் விடையிறுக்க வேண்டும். கேட்பவர் நகைக்கக் கூடும். கல்லூரியிலே இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பௌதிகவியல் கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியன் சொல்லும் விடையா இது என்று வியக்கவுங் கூடும். ஆயினும் உண்மை அதுவே. அந்தப் பாடத்துக்குக் கருவியாயிருந்தது கனடா நாட்டிற் செய்யப்பட்ட ஒரு பழைய கார். ஆசானாயிருந்தவர் என் அத்தான். அதற்காக நான் செலுத்தவிருந்த கட்டணமோ ஐந்து வயதுக் குழந்தையொன்றின் நான்கு விரல்கள்.

2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில், பல ஆண்டுகளாகப் பிரிந்திருந்த என் தமக்கையாரைப் பார்ப்பதற்காக ரொறன்ரோ நகருக்குச் சென்றிருந்தேன். அத்தான் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையிலே யந்திரம் பூட்டுபவராக வேலை பார்த்தவர். 1990இல் போரினால் அத்தொழிற்சாலை மூடப்பட்டபின், அடுத்த ஆண்டு குடும்பத்தோடு கனடா சென்றார். அங்கே பஸ் வண்டிகளைத் திருத்தும் பட்டறையொன்றில் இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றிருந்தார். நான் போய்ச் சேர்ந்த அன்று, தேநீர்க் கோப்பையைக் கையிலே தந்தபடி அக்கா சொன்ன முதற் செய்தி இது:

"தம்பி, உன்ர அத்தான் இரண்டாந்தாரம் ஒண்டு கொண்டுவந்து வைச்சிருக்கிறார், தெரியுமே? அந்தா, கராஜுக்குள்ள நிக்கிறா."

கராஜுக்குள் நின்றவள் பச்சை நிறத்தவள். நீண்ட மூக்கும், நிலத்தோடு படிந்த உடலும், இருவர் மட்டும் அமரத்தக்க உட்புறமும் உடைய அந்தக் காரின் பெயர் பிரிக்லின் எஸ்.வி.-1. நான் அதன் கதவின் கைப்பிடியைத் தேடிக்கொண்டு நின்றேன். அத்தான் புன்முறுவலோடு உள்ளே கையை நீட்டி ஓர் ஆளியை அழுத்தினார். 'உஸ்' என்று ஒரு பெருமூச்சுக் கேட்டது. பக்கவாட்டிலே திறக்க வேண்டிய கதவு, கூரையின் நடுவிலிருந்து கிளம்பி, மெல்ல மெல்ல ஆகாயத்தை நோக்கி எழுந்து நின்றது. மற்றக் கதவும் அவ்வாறே எழுந்தது. இரண்டு சிறகுகளையும் விரித்துப் பறக்கப்போகும் கடற்பறவை போல நின்றது அந்தக் கார்.

கதவை ஏன் மேல்நோக்கித் திறக்க வேண்டும்? அழகுக்காக என்றுதான் நானும் எண்ணினேன். தொடக்கத்திற் காரணம் அழகன்று, அவசியம். 1952ஆம் ஆண்டில் ஜேர்மனியின் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தார் ஓட்டப் போட்டிக்கென்று 300 எஸ்.எல். என்னும் காரை அமைத்தனர். பொறியியலாளர் ருடோல்ஃப் ஊலன்ஹவுட் பாரத்தைக் குறைப்பதற்காக மெல்லிய உருக்குக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பொருத்திச் சட்டகம் ஒன்றைச் செய்தார். அது பலமும் இலேசும் ஒருங்கே வாய்ந்தது. ஆனால் பலத்துக்காக அக்குழாய்கள் காரின் இரு பக்கங்களிலும் உயர்ந்து நின்றன. வழக்கமான கதவு வைப்பதற்கு அங்கே இடமில்லை. பக்கத்தை வெட்டினாற் சட்டகத்தின் பலம் போய்விடும். எனவே கதவின் பிணைச்சலைக் கூரைக்குக் கொண்டுபோய், கதவை மேலே திறக்க வைத்தனர். அந்த ஆண்டே லெ மான் நகரின் 24 மணி நேரப் போட்டியில் அந்தக் கார் முதலிடம் பெற்றது.

1954இல் நியூயோர்க் நகரிலே அதன் விற்பனை வடிவம் அறிமுகமாயிற்று. 1957 வரையில் 1,400 கார்கள் செய்யப்பட்டன. உள்ளே ஏறுவது எளிதன்று. உயர்ந்த விளிம்பைக் கடந்து கால் வைப்பதற்கு வசதியாக, ஸ்டீயரிங் வளையத்தையே மடிக்கத்தக்கதாக அமைத்திருந்தனர். அதே 1957இல் கூரையில்லாத வடிவம் ஒன்றைச் செய்தபோது, சட்டகத்தின் பக்கங்களைத் தாழ்த்திச் சாதாரணக் கதவுகளையே பூட்டினர். அவசியம் நீங்கியதும் சிறகும் நீங்கிற்று. ஆனால் அந்தச் சிறகின் அழகு மக்கள் மனத்தை விட்டு நீங்கவில்லை.

மேல்நோக்கித் திறக்கும் எந்தக் கதவுக்கும் ஒரு கேள்வி உண்டு. பக்கவாட்டிலே திறக்கும் கதவின் பாரத்தைப் பிணைச்சல் சுமக்கிறது. நாம் தள்ளினால் மட்டும் போதும். மேலே எழும் கதவின் பாரத்தை யார் சுமப்பது? நம் ஊர்ப் பெட்டிக் கடைக்காரர் தட்டியை மேலே தூக்கி ஒரு தடியை முட்டுக் கொடுக்கிறாரே, அவரும் இந்தக் கேள்விக்கே விடை சொல்கிறார். மெர்சிடிஸ்காரர் கதவை அலுமினியத்தாற் செய்து பாரத்தைக் குறைத்தனர். 1981இல் வட அயர்லாந்தில் டிலோரியன் என்னும் காரைச் செய்தவர்கள், திரவ நைதரசனிற் குளிரவைத்து முறுக்கிய உருக்குக் கோலைக் கூரைக்குள் வைத்து, அந்த முறுக்கு அவிழ முயலும் பலத்தினாற் கதவைத் தூக்கினர்.

பிரிக்லின் சொன்ன விடை வேறு. மல்கம் பிரிக்லின் என்னும் அமெரிக்கர், கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாண அரசின் பண உதவியோடு அங்கே தொழிற்சாலை நிறுவி, 1974, 1975 ஆகிய ஆண்டுகளில் மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவான கார்களைச் செய்தார். எஸ்.வி. என்ற எழுத்துகள் பாதுகாப்பு வாகனம் என்பதைக் குறிப்பன. மோதலைத் தாங்கும் சட்டகமும் தடிப்பான முன்தாங்கியும் அதற்கு உண்டு. காரோட்டும்போது புகைப்பது ஆபத்து என்று கருதிச் சாம்பற் கிண்ணம்கூட வைக்காமல் விட்டார்கள். அத்தகைய காரின் கதவு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 90 இறாத்தல், அதாவது 41 கிலோ, நிறை உடையது. அதனைத் தூக்குவதற்குப் பற்றறியினால் இயங்கும் எண்ணெய்ப் பம்பு ஒன்றை வைத்தனர். பம்பு மெதுவாக வேலை செய்தது. பற்றறியின் சக்தியையும் வெகுவாக உறிஞ்சிற்று. 1975இலேயே அந்த நிறுவனம் முறிந்துபோயிற்று. எஞ்சியிருக்கும் கார்களின் சொந்தக்காரர் பலர் எண்ணெய்ப் பம்பைக் கழற்றிவிட்டு, அமுக்கிய காற்றினாற் கதவைத் தூக்கும் ஏற்பாட்டைச் செய்துகொண்டனர். அத்தானும் அதையே செய்தார். பஸ் வண்டிகளின் கதவுகளும் அமுக்கிய காற்றினாலேயே இயங்குவன ஆதலால், அது அவருடைய கைப்பழக்கத்துக்குள் அடங்கிய வேலை.

ஆனால் அவர் காற்றிலிருந்து தொடங்கவில்லை. "முதல்ல பாரத்தைத் தீர்க்க வேணும். காத்துப் பிறகு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீர் படிப்பிக்கிற ஆள்தானே. இந்தக் கதவு எந்த இடத்தில ஆகப் பாரமாயிருக்கும், சொல்லும் பாப்பம்" என்று கேட்டார்.

"முழுக்க மேலே எழுந்த பிறகுதான் அத்தான்" என்றேன், சற்றும் யோசியாமல்.

அவர் மறுமொழி சொல்லவில்லை. தாங்கிகளைக் கழற்றிவிட்டு, "தூக்கும்" என்றார். தூக்கினேன். தொடக்கத்திற் பாரம் தாங்கத்தக்கதாகவே இருந்தது. பாதி வழியில் என் தோள்கள் நடுங்கின. அந்த இடத்தைக் கடந்ததும் பாரம் குறையத் தொடங்கிற்று. அப்போதுதான், நான் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறுங் கற்பிக்கும் விசைத் திருப்பம் என் நினைவுக்கு வந்தது. கதவின் நிறை மாறுவதில்லை. பிணைச்சலிலிருந்து அதன் புவியீர்ப்பு மையம் கிடையாக எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதே மாறுகிறது. மூடிய கதவில் அம்மையம் பிணைச்சலுக்குக் கீழே தொங்குகிறது. பிணைச்சலோடு ஒரே மட்டத்துக்கு வரும்போது அந்தத் தூரம் ஆகக் கூடுகிறது. மேலும் உயர்ந்தால் மீண்டுங் குறைகிறது. கரும்பலகையில் நூறு முறை வரைந்த படத்தை என் தோள்கள்தாம் எனக்கு விளக்கின.

அத்தான் அட்டையிலே கதவின் மாதிரியை வெட்டி, குண்டூசியிற் குத்தித் திருப்பித் திருப்பிப் பார்த்து, நடு வழியில் ஆகக் கூடிய உதவி கிடைக்குமாறு வாயுத் தாங்கிகளைப் பூட்டும் புள்ளியைக் கண்டுபிடித்திருந்தார். தாங்கிகள் கதவின் பாரத்தைப் பெரும்பாலும் சமன் செய்தன. காற்று முற்றாக இல்லாவிட்டாலும், உள்ளே இருப்பவர் தாழ்ப்பாளைக் கயிற்றினால் இழுத்துவிட்டு, ஒரு கையினாற் கதவைத் தள்ளி வெளியேறலாம். "கரண்ட் போகும், காத்துப் போகும், பற்றறி சாகும். அப்பவும் மனிசன் வெளியில வரவேணும். அதுதான் கதவு" என்றார் அவர்.

ஆயினும் தாங்கியை முற்றாக நம்பலாகாது. அதனுள் அடைபட்டிருப்பது வாயு. வாயுவின் அழுக்கம் தனிவெப்பநிலைக்கு ஏற்ப மாறும். 27 பாகை செல்சியஸ் என்பது 300 கெல்வின். கனடாவின் மாரியில் வரும் மறை 20 பாகை என்பது 253 கெல்வின். கோடையிலிருந்து மாரிக்குப் போகும்போது தாங்கியின் பலத்தில் ஏறக்குறைய ஆறிலொரு பங்கு குறைந்துபோகும். ஆகவே, உயர்ந்து நிற்கும் கதவின் கீழே தலையைக் கொடுத்து வேலை செய்யும்போதெல்லாம், அத்தான் தும்புத்தடியின் கட்டையொன்றை முட்டுக் கொடுப்பார். பெட்டிக் கடைக்காரரின் தடியேதான்!

அதன்பின் காற்று. சிறிய அமுக்கி ஒன்று தாங்கியொன்றிலே காற்றைச் சேர்த்து வைக்கிறது. அளவு மீறினால் வெளியேற்றும் பாதுகாப்பு வால்வு அதில் உண்டு. அங்கிருந்து குழாய் வழியாக உருளைக்குப் போகும் காற்று, முசலத்தைத் தள்ளிக் கதவை உயர்த்துகிறது. காற்றோடு ஈரமும் வரும். அது குழாயினுள் உறைந்தால் மாரியிற் கதவு அசையாது. ஆதலால் வாரந்தோறும் தாங்கியின் அடியிலிருந்து நீரை வடித்துவிட வேண்டும். அத்தான் வைத்த உருளையின் விட்டம் ஒன்றரை அங்குலம். சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல் அழுக்கத்தில் அது ஏறக்குறைய 175 இறாத்தல் விசையோடு தள்ளும். தூக்குவதற்கு அது சரி. மூடுவதற்கு? இறப்பர் விளிம்பை நெருக்கித் தாழ்ப்பாள் விழுவதற்குச் சிறிது விசை போதும். எனவே மூடும் பக்கத்துக் காற்றை 20 இறாத்தல் அழுக்கத்துக்கு மேற் போகாமற் கட்டுப்படுத்தினார். அங்கே முசலம் 35 இறாத்தல் விசையோடு இழுக்கும். முசலம் பிணைச்சலுக்கு அருகிலும் கதவின் கீழ் விளிம்பு அதைப்போல் நாலு மடங்கு தூரத்திலும் இருப்பதால், விளிம்பில் அது ஒன்பது இறாத்தல் அளவில் மட்டுமே அழுத்தும். அத்தோடு, இருவர் இருக்கைகளுக்கும் நடுவே சிவப்பு நிறக் கைப்பிடி ஒன்றை வைத்தார். அதை இழுத்தால் உருளையின் இரு பக்கத்துக் காற்றும் வெளியேறிவிடும். கதவு வெறுங் கைக்கு அடங்கும்.

இந்தக் கணக்கை அவர் எனக்குச் சொன்னபோது, "ஒன்பது இறாத்தலுக்காக இவ்வளவு பாடா?" என்று நான் உள்ளூர நகைத்தேன். விளிம்பிலே யாருடைய கை இருக்கப்போகிறது?

நான் திரும்புவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் புறப்பட்டோம். அத்தான் சாரதி ஆசனத்தில் அமர, அருகிலே நான் அமர்ந்தேன். மற்றவர்கள் வேறு காரில் வருவதாக ஏற்பாடு. இரண்டு கதவுகளும் எழுந்து நின்றன. அக்கா வாசலில் நின்று கைத்தொலைபேசியாற் படம் பிடித்தார். ஊருக்குக் கொண்டுபோய் மாணவருக்குக் காட்டலாமே என்ற ஆசை எனக்கு. அக்காவைப் பார்த்துக் கையசைத்தபடியே, மறுகையால் ஆளியை அழுத்தினேன்.

அக்காவின் பேரன் தன் தாய் அழைப்பதைக் கேட்டு என்னை 'மாமா' என்றே அழைப்பான். அந்தக் காரில் ஏற வேண்டும் என்பது அவனுடைய நெடுநாட் கனவு. எப்போது ஓடி வந்தானோ, நான் பார்க்கவில்லை. பார்ப்பதற்காக நான் தலையைத் திருப்பவும் இல்லை. வாசற்படி போன்ற அந்த விளிம்பிலே நான்கு விரல்களையும் ஊன்றி உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறான். கதவு அவனுடைய தலைக்குப் பின்னாலிருந்து இறங்கியது. முதுகிலே கதவு தொட்டதும் அவன் குனிந்து விலகினான். கையை எடுக்க மறந்துவிட்டான்.

அவன் வீரிட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

நான் ஆளியிலிருந்து கையை எடுத்தேன். ஒரு பயனும் இல்லை. ஒருமுறை அழுத்தினாற் கதவு முற்றாக மூடும்வரை ஓயாதபடி அது அமைக்கப்பட்டிருந்தது. மீண்டும் அழுத்துவதா, எந்தப் பக்கம் அழுத்துவது என்று என் விரல்கள் தடுமாறின. இத்தனைக்கும் நான் பட்டதாரி!

"சிவப்புக் கைபிடி! இழும் தம்பி!"

இழுத்தேன். காற்றுச் சீறி வெளியேறியது. உள்ளங்கையாற் கதவைத் தள்ளினேன். பாரமே இல்லாத பொருள் போல அது மேலெழுந்தது. அத்தான் மறுபக்கத்தால் ஓடிவந்து குழந்தையைத் தூக்கினார். நான்கு விரல்களின் குறுக்கே சிவந்த கோடு ஒன்று இருந்தது. விரல்களை மடக்கச் சொன்னார், மடக்கினான். நீட்டச் சொன்னார், நீட்டினான். எலும்புக்குச் சேதமில்லை என்று அன்று மாலை மருத்துவரும் உறுதி கூறினார்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நூறு இறாத்தல் அழுக்கத்தை மூடும் பக்கத்துக்கும் அப்படியே விட்டிருந்தால், அந்த விரல்களின் மேல் ஏறக்குறைய நாற்பத்துநான்கு இறாத்தல் விழுந்திருக்கும். தாங்கிகள் இல்லாதிருந்தாற் கதவின் பாரமும் அதனோடு சேர்ந்திருக்கும். நான் நகைத்த அந்த ஒன்பது இறாத்தல்தான் குழந்தையின் விரல்களைக் காத்தது.

அக்கா என்னை ஒரு சொல்லும் ஏசவில்லை. ஐஸ்கட்டியைத் துணியிற் சுற்றிப் பேரனின் கையில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பாராமல் இருந்தார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றிரவு கராஜில் வெளிச்சம் தெரிந்தது. போய்ப் பார்த்தேன். அத்தான் ஆளியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"பிழை என்னுடையது அத்தான். நான் பார்க்காமல் அழுத்தினேன்" என்றேன்.

"இல்லைத் தம்பி, பிழை சுவிச்சிலதான். மனிசன் பராக்குப் பார்ப்பான். அது மனிசன்ர குணம். அதைத் தெரிஞ்சுகொண்டும் ஒருக்கா அமத்தினாப் போதும் எண்டு பூட்டினது நான்" என்றார்.

விடியுமுன் வேலை முடிந்தது. புதிய ஆளியை விரலால் அழுத்திப் பிடித்திருக்கும் வரையில் மட்டுமே கதவு அசையும். விரலை எடுத்தால் நின்ற இடத்திலேயே நிற்கும். அதை அவர் இருக்கைகளின் நடுவிலிருந்து நீக்கி, முன்பலகையின் ஓரத்தில், கதவு விளிம்பின் அருகே வைத்தார். அங்கே கையை நீட்டுபவரின் கண்ணும் விளிம்பை நோக்கியே திரும்ப வேண்டும். பின்னர் என்னை அமர்த்தி, கண்ணை மூடியபடியே சிவப்புக் கைப்பிடியைத் தேடி இழுக்குமாறு பத்து முறை பழக்கினார். ஆபத்தான நேரத்திற் கைக்குத் தெரிந்ததே உதவும். மூளை அப்போது விடுமுறையிற் போய்விடும் என்பதை நான் காலையிலேயே கண்டிருந்தேன்.

எந்தப் பாதுகாப்பு ஏற்பாட்டுக்கும் எல்லையுண்டு. இத்தகைய கார் தலைகீழாகப் புரண்டாற் கதவு நிலத்தில் முட்டித் திறவாது. பிரிக்லினிற் பின்புறக் கண்ணாடிக் கதவு வழியாகவே தப்ப வேண்டும். அதனால் அந்த வழியில் அத்தான் ஒரு பொருளையும் வைப்பதில்லை. மெர்சிடிஸ்காரர் 2010இல் மீண்டும் சிறகுக் கதவோடு எஸ்.எல்.எஸ். என்ற காரை வெளியிட்டபோது, புரண்டாற் பிணைச்சலை வெடித்துக் கழற்றும் சிறு மருந்தை அதிலே வைத்தனர். கதவைத் திறக்கும் வழியை மட்டுமன்றி, திறவாதபோது என்ன செய்வதென்பதையும் அவர்கள் எண்ணியிருக்கிறார்கள்.

ஊருக்குத் திரும்பி முதல் நாள் ஆய்வுகூடத்துக்குப் போனபோது, மின்சுற்றை இணைத்துவிட்டு மாணவனொருவன் ஆளியிற் கை வைத்தான். அவனுடைய தோழன் கம்பியைப் பிடித்தபடி நின்றான். வழக்கமாக நான் அளவுமானியைத்தான் பார்ப்பேன். அன்று, "ஆளியைத் தொடுமுன் எல்லாருடைய கைகளும் எங்கே என்று பார்" என்றேன். அன்றுதொட்டு ஒவ்வொரு வகுப்பிலும் அதைச் சொல்லி வருகிறேன். சிறகுக் கதவின் கதையையும் சொல்கிறேன். என் தவறான விடையையும் மறைப்பதில்லை.

சென்ற தைப்பொங்கலன்று தொலைபேசியில் அக்கா வீட்டாரோடு பேசினேன். பேரன் இப்போது வளர்ந்துவிட்டான். அத்தானின் அருகில் அமர்ந்து கதவை மூடுவது அவனுடைய உரிமையாம். எனக்குக் காட்டுவதற்காகக் காரில் ஏறினான். ஆளிக்குக் கையைக் கொண்டுபோனவன், அழுத்தாமல் நிறுத்தி, விளிம்பைப் பார்த்தபடி, "கை?" என்று உரத்துக் கேட்டான்.

"எடுத்தாச்சு" என்றார் அத்தான்.

கதவு மெல்ல இறங்கத் தொடங்கிற்று.